மோட்டார்ஹோமில் மின் கேபிளுக்கும் தண்ணீர் ஹோஸுக்கும் மோட்டார் ரீல்: எதை எப்படிப் போடலாம்?

கேள்வி இதுதான்: 38 அடி டீசல் மோட்டார்ஹோம் (வீட்டு வசதிகளோடு உள்ள வண்டி), 50 ஆம்ப் இணைப்பு. ஓட்டுநர் பக்கம் பின்னால் உள்ள பேயில் (வெளியிலிருந்து திறக்கும் சாமான் அறை) கேபிளும் குடிநீர் ஹோஸும் சுருட்டிக் கிடக்கின்றன. ஒவ்வொரு முகாமிலிருந்தும் கிளம்பும்போது கேபிளை உள்ளே திணிப்பதற்குள் தோள்பட்டை கழன்றுவிடுகிறது. இரண்டுக்கும் மோட்டார் வைத்த ரீல் போட முடியுமா, அதை நானே செய்யலாமா?

முடியும். கையில் ஸ்பானரும் மல்டிமீட்டரும் பிடித்துப் பழகியவர் என்றால் நீங்களே செய்யலாம். நான் டெக்ஸஸில் இருக்கிறேன், எங்கள் வண்டிக்கு இரண்டு ரீலையும் நானே போட்டேன், அதில் கேபிள் ரீலை ஒரு முறை முழுக்கக் கழற்றிவிட்டு வேறு போட வேண்டி வந்தது. ஏன் என்று கீழே சொல்கிறேன், அந்தத் தப்பு உங்களுக்கு நடக்கக் கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். முதலில் ஒன்று: இரண்டு ரீலும் பார்க்க ஒன்று போல இருந்தாலும் ஒரே மாதிரி வேலை இல்லை. ஹோஸ் ரீலில் தவறு நடந்தால் பே நனையும், அவ்வளவுதான். கேபிள் ரீலில் தவறு நடந்தால் வண்டியே தீப்பிடிக்கலாம். அதனால் இந்தப் பதிலில் முக்கால்வாசி கேபிளைப் பற்றித்தான் இருக்கும்.

அமெரிக்க முகாம்களில் 50 ஆம்ப் இணைப்பு என்பது நான்கு கம்பி. இரண்டு லைன், ஒரு நியூட்ரல், ஒரு எர்த். ஒவ்வொரு லைனுக்கும் நியூட்ரலுக்கும் இடையில் 120 வோல்ட், இரண்டு லைனுக்கும் இடையில் 240 வோல்ட். பிளக் 14-50 வகை. முழுதாக எடுத்தால் 12,000 வாட் வரும். 30 ஆம்ப் வண்டிக்கு ஒரே லைன், 3,600 வாட்தான், ஆக 50 ஆம்ப் என்பது 30 ஆம்பைவிடக் கொஞ்சம் கூடுதல் என்று நினைப்பது தவறு, மூன்று மடங்குக்கும் மேல். அவ்வளவு மின்சாரத்தைத் தாங்கத்தான் கேபிளுக்குள் மூன்று 6 கேஜ் செம்புக் கம்பியும் எர்த்துக்கு ஒரு 8 கேஜ் கம்பியும் ஓடுகின்றன (கேஜ் எண் குறையக் குறையக் கம்பி தடிமன்). பருமன் ஏறக்குறைய ஒரு அங்குலம், 36 அடி கேபிள் முப்பது பவுண்டை ஒட்டி வரும். குளிரில் மேலுறை விறைத்துவிட்டால் மடங்கவே மடங்காது. உங்கள் தோள் வலிக்கு இதுதான் காரணம்.

இதை உள்ளே இழுக்க மூன்று வழி உண்டு.

ஒன்று, உருளையில் சுற்றும் அசல் ரீல். ஷோர்லைன் ரீல்ஸ் போன்றவர்கள் மோட்டார்ஹோமுக்கென்றே செய்கிறார்கள். உருளை சுற்றும்போது கேபிளின் உள்முனையும் கூடவே சுற்றும் அல்லவா, ஆனால் வண்டிக்குள் போகும் கம்பி அசையாமல் நிற்க வேண்டும். இரண்டையும் சேர்ப்பது ஸ்லிப் ரிங். பித்தளை அல்லது செம்பு வளையங்கள் நான்கு, ஒவ்வொன்றின் மேலும் ஸ்பிரிங் அழுத்தத்தில் உரசிக்கொண்டு நிற்கும் பிரஷ்கள். சுற்றினாலும் தொடர்பு அறாது.

இரண்டாவது, கிளெண்டினிங் நிறுவனத்தின் கேபிள்மாஸ்டர் வகை. படகுகளிலிருந்து வந்த யோசனை இது. இதில் உருளையே கிடையாது. மோட்டார் கேபிளைப் பற்றி இழுத்துக் கீழே உள்ள ஒரு தொட்டிக்குள் தள்ளிவிடும், கேபிள் தொட்டிக்குள் தானாக வளைந்து படியும். உள்முனை எப்போதும் போல நேரடியாக இணைக்கப்பட்டிருக்கும், ஸ்லிப் ரிங் வேண்டாம். விலை ஆயிரம் டாலரைத் தாண்டும், தொட்டிக்கு இடமும் நிறைய வேண்டும்.

மூன்றாவதை யாரும் சொல்வதில்லை, ஆனால் எனக்குப் பிடித்த வழி: ஸ்லிப் ரிங் இல்லாத உருளை. கேபிளின் உள்முனையில் திருகிப் பூட்டும் பிளக் இருக்கும். முகாமில் கேபிளை வெளியே இழுத்துவிட்டு, அந்த முனையை பேயில் உள்ள இன்லெட்டில் மாட்டுகிறீர்கள். கிளம்பும்போது கழற்றிவிட்டு மோட்டாரால் சுற்றுகிறீர்கள். ஒரு நிமிட வேலை கூடும். ஆனால் மின்சாரம் போகும் பாதையில் உரசும் பாகம் எதுவும் இல்லை.

அந்த உரசும் பாகத்தைப் பற்றி ஏன் இவ்வளவு கவலைப்படுகிறேன் என்றால், நான் முதலில் போட்ட ரீல் பழையது, ஒரு பட்டறையைக் காலி செய்தபோது மலிவாகக் கிடைத்தது. பலமான உடம்பு, சங்கிலி போட்ட மோட்டார், பார்க்கவே நன்றாக இருந்தது. தகட்டில் 30 ஆம்ப் என்று இருந்தது. நாங்கள் இரண்டு பேர்தானே, எப்போது 30 ஆம்பைத் தாண்டப் போகிறோம் என்று நினைத்துவிட்டேன். ஆகஸ்ட் மாதம், வெளியே 103 டிகிரி ஃபாரன்ஹீட், இரண்டு ஏசியும் ஓடுகின்றன, முன் ஏசி இருக்கும் அதே லைனில் வாட்டர் ஹீட்டரும், அதற்கு மேல் மைக்ரோவேவும். சாயங்காலம் பேயைத் திறந்தால் மீன் கருகுவது போல ஒரு வாடை. வயர் இன்சுலேஷனும் பிளாஸ்டிக்கும் சூடேறினால் அப்படித்தான் நாறும், அந்த வாடை வந்தால் எங்கேயாவது மீன் பொரிக்கிறார்கள் என்று விட்டுவிடாதீர்கள். பிரேக்கரை அணைத்து ஸ்லிப் ரிங் மூடியைக் கழற்றினேன். மூன்று வளையங்கள் மஞ்சளாகப் பளபளவென்று இருந்தன. நான்காவது, முன் ஏசி ஓடிய லைனின் வளையம், கருநீலமாக மாறி, பிரஷ் உட்காரும் இடத்தில் குழி விழுந்து, பக்கத்தில் கம்பியின் உறை காப்பிப் பொடி நிறத்தில் நொறுங்கிக் கிடந்தது. இன்னும் ஒரு வாரம் போயிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று யோசிக்கவே பயமாக இருக்கிறது, அந்தப் பேக்கு நேர் மேலேதான் நாங்கள் படுக்கும் அறை.

ஆகவே, ரீல் வாங்கும்போது உருளை, மோட்டார், வண்ணம் எதையும் பார்க்கும் முன் ஸ்லிப் ரிங் தகட்டைப் படியுங்கள். 50 ஆம்ப், 240 வோல்ட், நான்கு துருவம் என்று இருக்க வேண்டும். பட்டறைகளில் கைக் கருவிகளுக்குத் தொங்கும் ரீல்கள் பெரும்பாலும் 15, 20 ஆம்ப், அதில் கேபிளை மட்டும் தடிமனாக மாற்றிப் போட்டால் ஒரு பயனும் இல்லை, நடுவில் இருக்கும் வளையம் அதே பழைய வளையம்தானே.

சூடு ஒரு பக்கம். இதைவிட எனக்குப் பயம் தருவது நியூட்ரல் அறுவது. ஸ்லிப் ரிங்கில் நியூட்ரல் வளையத்தின் பிரஷ் ஒட்டாமல் போனால் வண்டியில் மின்சாரம் நிற்காது, அதுதான் ஆபத்து. இரண்டு லைனும் 240 வோல்ட்டோடு உள்ளே வந்துகொண்டே இருக்கும், நடுவில் பிடித்து நிறுத்த நியூட்ரல் இல்லாததால் ஒரு லைனில் உள்ள சாமான்களும் இன்னொரு லைனில் உள்ள சாமான்களும் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடரில் மாட்டிக்கொண்ட மாதிரி ஆகிவிடும். ஒரு கணக்கு பாருங்கள். ஒரு லைனில் 1,500 வாட் ஹீட்டர், மறு லைனில் 150 வாட் டிவி என்று வைத்துக்கொள்வோம். ஹீட்டரின் தடை 9.6 ஓம், டிவியை 96 ஓம் என்று எடுத்துக்கொண்டால், 240 வோல்ட்டில் சுமார் 218 வோல்ட் டிவி தலையில் விழும், ஹீட்டருக்கு மிஞ்சுவது 22 வோல்ட். 120 வோல்ட்டுக்குச் செய்த டிவி, மைக்ரோவேவ், சார்ஜர் எல்லாம் சில நொடிகளில் போய்விடலாம்.

இங்கேதான் பலரும் கவனிக்காத விஷயம் ஒன்று இருக்கிறது. சர்ஜ் பாதுகாப்புக் கருவியை, அதாவது வோல்டேஜையும் நியூட்ரலையும் கண்காணித்து இணைப்பைத் துண்டிக்கும் ஈஎம்எஸ் பெட்டியை, நிறைய பேர் முகாமின் பெடஸ்டலில், அதாவது மின் இணைப்பு தரும் கம்பத்தில், மாட்டுகிறார்கள். பெடஸ்டலில் கோளாறு என்றால் அது காப்பாற்றும். ஆனால் கோளாறு உங்கள் ரீலுக்குள் என்றால், பெடஸ்டலில் இருக்கும் பெட்டிக்கு அது தெரியவே தெரியாது, அதைப் பொறுத்தவரை நியூட்ரல் சரியாகத்தான் இருக்கிறது, அறுந்த இடம் அதற்கு அப்பால். எனவே ஸ்லிப் ரிங் ரீல் போடுகிறீர்கள் என்றால் ஈஎம்எஸ் வண்டிக்குள், ரீலுக்குப் பிறகு, நிரந்தரமாக வயரிங் செய்யப்பட வேண்டும். வரிசை இப்படி: பெடஸ்டல், கேபிள், ரீல், ஈஎம்எஸ், அப்புறம் ஜெனரேட்டரையும் வெளி மின்சாரத்தையும் மாற்றும் டிரான்ஸ்ஃபர் ஸ்விட்ச், கடைசியில் வண்டியின் பிரேக்கர் பேனல். புரோக்ரசிவ் இண்டஸ்ட்ரீஸ், ஹியூஸ், சர்ஜ் கார்டு மூன்று பெயரிலும் நிரந்தரமாகப் பொருத்தும் 50 ஆம்ப் வகைகள் கிடைக்கின்றன. வாங்கும்போது நியூட்ரல் அறுந்தால் துண்டிக்குமா என்று மட்டும் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள், வெறும் சர்ஜ் தடுப்பு மட்டும் செய்பவையும் உண்டு. ரீலுக்குப் பணம் இருக்கிறது, இதற்கு இல்லை என்றால், ரீலைத் தள்ளிப்போட்டு இதை முதலில் வாங்குங்கள் என்பதுதான் என் கருத்து.

எர்த் வளையமும் அப்படித்தான். அது ஒட்டாமல் போனால் எதுவுமே நடக்காத மாதிரி இருக்கும், எல்லாம் ஓடும். என்றைக்கு எந்தச் சாமானில் லைன் உடம்பைத் தொடுகிறதோ அன்றைக்கு வண்டியின் தகரம் முழுவதும் கரண்ட் ஏறும், ஈரமான புல்லில் வெறுங்காலோடு நின்று கைப்பிடியைத் தொடுபவருக்கு அடிக்கும். வருடத்துக்கு இரண்டு முறை, பிளக்கை வெளியே எடுத்து வைத்துக்கொண்டு, அதன் எர்த் முனைக்கும் வண்டியின் சேஸிக்கும் இடையில் மல்டிமீட்டர் வையுங்கள். உருளையை மெதுவாகக் கையால் சுற்றிக்கொண்டே பாருங்கள். ஒரு ஓமுக்குக் கீழே அசையாமல் நிற்க வேண்டும். சுற்றும்போது எண் குதித்தால் பிரஷ் தேய்ந்துவிட்டது அல்லது வளையத்தில் அழுக்கு.

சுற்றிய கேபிள் சூடாவது பற்றியும் கேட்டிருக்க வேண்டும் நீங்கள், கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். 6 கேஜ் கம்பிக்கு ஆயிரம் அடிக்கு ஏறக்குறைய 0.4 ஓம் தடை. 30 அடிக்கு 0.012 ஓம். 50 ஆம்ப் ஓடினால் ஒரு கம்பியில் 30 வாட் சூடு, இரண்டு லைனுக்கு 60 வாட். தரையில் நீட்டிக் கிடந்தால் இது ஒன்றுமே இல்லை, காற்றில் போய்விடும். அதே 60 வாட் மூடிய பேக்குள், ஒன்றன்மேல் ஒன்றாக இறுக்கிச் சுற்றிய உருளைக்குள் இருந்தால், நடு அடுக்குக்குத் தப்பிக்க வழியே இல்லை, மணிக்கணக்கில் சேர்ந்துகொண்டே போகும். இங்கிலாந்தில் விற்கும் சாதாரண எக்ஸ்டென்ஷன் ரீல்களில்கூடச் சுற்றிய நிலையில் இவ்வளவு வாட், முழுக்கப் பிரித்த நிலையில் இவ்வளவு வாட் என்று இரண்டு எண் அச்சிட்டிருப்பார்கள், இரண்டுக்கும் மடங்குக் கணக்கில் வித்தியாசம் இருக்கும். ஆக, பெடஸ்டல் எட்டடி தூரத்தில் இருந்தாலும் சரி, ஏசி ஓடும் காலத்தில் கேபிள் முழுவதையும் வெளியே இழுத்து, வண்டிக்கு அடியில் நிழலில் பெரிய வளைவுகளாகப் பரப்பிவிடுங்கள். இரவில் இரண்டு விளக்கும் ஃபிரிட்ஜும் மட்டும் ஓடுகிறது என்றால் பாதி சுற்றியபடி இருந்தாலும் பரவாயில்லை. தொட்டி வகையில் கேபிள் தளர்வாகக் கிடப்பதால் சிக்கல் குறைவு, இருந்தாலும் அதிலும் நான் முழுக்கத்தான் இழுப்பேன்.

இனி இடம். உருளையின் நடுத்தண்டு 8 அங்குல விட்டம், அகலமும் 8 அங்குலம் என்று வைத்தால், ஒரு அங்குலக் கேபிள் முதல் அடுக்கில் எட்டுச் சுற்றில் 19 அடி போல விழுங்கும், இரண்டாவது அடுக்கு ஆறு சுற்றில் மீதி 17 அடியை. ஆக 36 அடிக்கு விளிம்போடு சேர்த்து 14 அங்குல விட்டம், மோட்டாரும் ஸ்லிப் ரிங் பெட்டியும் பக்கவாட்டில் வருவதால் அகலம் ஒன்றரை அடி வேண்டும். அட்டையில் இந்த அளவுக்கு ஒரு பெட்டி செய்து பேக்குள் வைத்துக் கதவை மூடிப் பாருங்கள், சாக்கடை வால்வின் கைப்பிடியை இழுக்கக் கை போகிறதா என்று பாருங்கள். பத்து நிமிட வேலை. நண்பர் ஒருவர் இதைச் செய்யாமல் ரீலை வாங்கிவிட்டு, கதவின் வாயுக் கம்பம் இடித்ததால் ரீலை அப்படியே விற்றார்.

பேயின் தளம் பல வண்டிகளில் மெல்லிய தகடு அல்லது வார்த்த பிளாஸ்டிக். அதில் வெறும் திருகு போட்டால் ஆயிரம் மைல் குலுங்கலில் பிய்த்துக்கொண்டு வரும். மேலிருந்து கீழ்வரை போல்ட் போட்டு, அடியில் கால் அங்குல அலுமினியத் தகடு கொடுத்து, நைலான் பிடிப்புள்ள நட்டால் இறுக்குங்கள். துளை போடும் முன் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தே ஆக வேண்டும். டீசல் வண்டியில் பிரேக்கின் காற்றுக் குழாய்களும் வண்டியை மட்டமாக நிறுத்தும் ஜாக்கின் ஹைட்ராலிக் குழாய்களும் எங்கே ஓடுகின்றன என்று மேலிருந்து தெரியாது. புரொப்பேன் குழாயும் அப்படித்தான். கேபிள் பேயை விட்டு வெளியே போகும் ஓட்டையில் தகட்டின் விளிம்பு கத்தி மாதிரி இருக்கும், அங்கே ரப்பர் வளையம் மட்டும் போதாது, நான்கு பக்கமும் சின்ன உருளைகள் உள்ள வழிகாட்டிச் சட்டம் போடுங்கள். இல்லையென்றால் மோட்டார் இழுக்கிற பலத்தில் கேபிளின் மேலுறை மாதக் கணக்கில் சீவிக்கொண்டே போகும், உங்கள் கைக்கு அது தெரியவே தெரியாது.

மோட்டாருக்கு வருவோம். இவை பெரும்பாலும் 12 வோல்ட், உள்ளே சுற்ற மட்டும்தான் மோட்டார், வெளியே இழுப்பது கையால். வேலை அரை நிமிடம்தான் என்பதால் பேட்டரி தீர்ந்துவிடும் என்ற பயம் வேண்டாம், வயர்தான் பிரச்சினை. மோட்டார் 20 ஆம்ப் இழுக்கிறது, பேட்டரி முன்பக்கம், ரீல் 20 அடி தள்ளி என்று வையுங்கள். போக வர 40 அடி. 14 கேஜ் வயரில் 2 வோல்ட் வழியிலேயே போய்விடும், மோட்டார் முனகிக்கொண்டு சூடாகும். 10 கேஜில் 0.8 வோல்ட், 8 கேஜில் அரை வோல்ட். 8 கேஜ் போட்டுவிடுங்கள், வித்தியாசம் சில டாலர்கள்தான். ஃபியூஸ் பேட்டரிக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும், ரீலுக்குப் பக்கத்தில் இல்லை, ஏனென்றால் அது காப்பாற்ற வேண்டியது நடுவில் ஓடும் வயரை. மோட்டாரின் தகட்டில் உள்ள எண்ணுக்குச் சற்று மேலே, வயர் தாங்குவதற்குள். ஏற்கெனவே ஓடும் படிக்கட்டு மோட்டாரின் வயரிலோ, ஜாக் பம்பின் வயரிலோ ஒட்டு போட்டு எடுக்காதீர்கள்.

ஸ்விட்ச், விரல் எடுத்தால் நின்றுவிடுகிற வகையாக மட்டும் இருக்கட்டும். ஒரு முறை தட்டினால் ஓடிக்கொண்டே இருக்கும் ஸ்விட்சை நான் முதலில் வைத்திருந்தேன், கேபிளின் கடைசி ஆறடி வரும்போது அந்தக் கனமான பிளக் தரையிலிருந்து துள்ளி வந்து பேயின் உள் பேனலை உடைத்துவிட்டது, அங்கே யாருடைய கையாவது இருந்திருந்தால் விரல் போயிருக்கும். கேபிளைப் பார்த்துக்கொண்டே அழுத்தும்படியான இடத்தில் ஸ்விட்ச் இருக்கட்டும், வண்டிக்குள் டாஷ்போர்டில் வேண்டாம். ஒரு கையால் ஸ்விட்ச், மறு கையில் ஈரத்துணி வைத்துக் கேபிளைத் துடைத்தபடி உள்ளே விடுங்கள், மணலும் சேறும் உருளைக்குள் போனால் அடுத்த சுற்றில் மேலுறையைத்தான் அராவும். கடைசி நான்கடியை மோட்டாரை நிறுத்திவிட்டுக் கையால் சுற்றுங்கள். பிறகு உருளையைப் பின் போட்டுப் பூட்டுங்கள், ஓட்டும்போது குலுக்கலில் உருளை தானாகப் பிரிந்து கேபிள் சாலையில் இழுபடக் கூடாது.

சுற்ற ஆரம்பிக்கும் முன் எப்போதும் ஒரே வரிசை: ஏசிகளை அணை, பெடஸ்டல் பிரேக்கரை அணை, பிளக்கைக் கழற்று, அப்புறம்தான் மோட்டார். மின்சாரம் ஓடும்போது உருளையைச் சுற்றினால் பிரஷும் வளையமும் நடுவில் பொறி விட்டுக் குழி விழும்.

வயரிங் செய்யும் நாளில் இன்னொன்று. வெளிக் கேபிளைக் கழற்றிவிட்டோம், இனி கரண்ட் இல்லை என்று டிரான்ஸ்ஃபர் ஸ்விட்சைத் திறக்காதீர்கள். ஜெனரேட்டருக்குத் தானாக ஸ்டார்ட் ஆகும் வசதி இருந்தால் பேட்டரி இறங்கியதும் நீங்கள் கை வைத்திருக்கும்போதே அது கிளம்பும். அதையும் இன்வெர்ட்டரையும் அணைத்துவிட்டு, மல்டிமீட்டரால் ஒவ்வொரு முனையையும் தொட்டுப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். இந்த நான்கு கம்பி இணைப்பில் கை நடுங்குகிறது என்றால், ரீலைப் பொருத்துவது, 12 வோல்ட் வயரிங் எல்லாம் நீங்களே செய்துவிட்டு, இதற்கு மட்டும் ஒரு ஆர்வி (மோட்டார்ஹோம்) டெக்னீஷியனைக் கூப்பிடுங்கள், இரண்டு மணி நேரக் கூலி ஆகும், தகும்.

எல்லாம் முடிந்ததும் சோதனை. இரண்டு ஏசியும் ஹீட்டரும் போட்டு ஒரு லைனுக்கு 25 ஆம்ப் வாக்கில் ஓடவிட்டு, பெடஸ்டலில் வோல்டேஜ் எவ்வளவு, பேனலில் எவ்வளவு என்று ஒரே நேரத்தில் அளந்து பாருங்கள். 36 அடி 6 கேஜ் கேபிளில் ஒரு லைனுக்கு அரை வோல்ட்டுக்குள்தான் விழ வேண்டும். ஒரு லைனில் மட்டும் 2 வோல்ட் குறைகிறது என்றால், ஏதோ ஒரு மூட்டில் சுமார் 40 வாட் சூடு உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம். சாலிடரிங் அயர்ன் அளவுக்குச் சூடு அது. அரை மணி நேரம் கழித்து இன்ஃப்ராரெட் வெப்பமானியால் ஸ்லிப் ரிங் பெட்டி, ஈஎம்எஸ், டிரான்ஸ்ஃபர் ஸ்விட்ச் மூன்றையும் பாருங்கள். எல்லாம் வெதுவெதுப்பாக இருப்பது இயல்பு, ஒன்று மட்டும் தனியாகக் கொதித்தால் அணைத்துவிட்டு அங்கே இறுக்குங்கள். முதல் மாதத்திலும், அதன்பின் வருடத்துக்கு ஒரு முறையும் திருகுகளை மறுபடி இறுக்க வேண்டும், மென்மையான பல இழைக் கம்பி, அதைத் திருகிப் பிடிக்கும் லக்குக்குள் நாளடைவில் அமுங்கித் தளரும்.

சரி, ஹோஸ். இதில் என் கருத்து வேறு: மோட்டார் தேவையில்லை. அரை அங்குல ஹோஸ் 50 அடியில் அரை காலன் தண்ணீர்தான் நிற்கும், நாலு பவுண்டு சொச்சம். முக்கால் காலனுக்குச் சற்று மேல் பிடிக்கும் ஐந்தெட்டு அங்குல ஹோஸ் என்றாலும் கைப்பிடி போட்ட உருளையில் குழந்தைகூடச் சுற்றும். அந்த மோட்டாரின் காசை மேலே சொன்ன ஈஎம்எஸ்ஸில் போடுங்கள். முழங்கையில் வலி இருப்பவர், கைப்பிடி சுற்ற முடியாது என்றால் மோட்டார் போடலாம், வயர், ஃபியூஸ், ஸ்விட்ச் எல்லாம் முன்பு சொன்னதேதான்.

குடிநீருக்கு என்று எழுதிய ஹோஸ்தான் வேண்டும், குடிநீருக்குப் பாதுகாப்பானது என்று காட்டும் என்எஸ்எஃப் 61 முத்திரை உள்ளது. ரீலுக்குள் இருக்கும் சுழலும் மூட்டும் குழாய் முனைகளும் ஈயம் இல்லாதவையா என்று பாருங்கள், தோட்டத்து ரீல்களில் பெரும்பாலும் அந்த உத்தரவாதம் இருக்காது, ஹோஸை மட்டும் நல்லதாக மாற்றி மூட்டை அப்படியே விடுவது பலர் செய்யும் தவறு. மெல்லிய வினைல் ஹோஸ் உருளைக்கு ஆகாது, மேல் அடுக்கு நசுக்கிக் கீழ் அடுக்கில் தண்ணீர் நின்றுவிடும். தடித்த சுவருள்ள பாலியூரித்தேன் அல்லது ரப்பர் வாங்குங்கள். அழுத்தம் ஏறினால் ஹோஸ் உப்பும், இறுக்கிச் சுற்றியிருந்தால் உருளையையே பிதுக்கும். அழுத்தம் குறைக்கும் ரெகுலேட்டரை முகாமின் குழாயிலேயே மாட்டுங்கள், 40 முதல் 60 பிஎஸ்ஐக்குள் வைத்தால் ஹோஸும் மூட்டும் சேர்ந்து பாதுகாப்பாக இருக்கும். கிளம்பும்போது குழாயை மூடி, உள்ளே ஒரு சிங்க் குழாயைத் திறந்து அழுத்தத்தை விட்டுவிட்டுச் சுற்றுங்கள்.

சுழலும் மூட்டு என்றைக்காவது சொட்டும், ஓ-ரிங் தேய்வது இயல்பு. அதனால் ஹோஸ் ரீல் கேபிள் ரீலுக்கு மேலே இருக்கக் கூடாது. முடிந்தால் வேறு பே, முடியாவிட்டால் ஹோஸ் கீழே, கேபிள் மேலே, நடுவில் ஒரு தடுப்பு. சாக்கடை ஹோஸ் இருக்கும் மூலையிலிருந்தும் குடிநீர் ரீலைத் தள்ளி வையுங்கள், கழிவைத் தொட்ட கையுறையோடு குடிநீர் முனையைத் தொடாதீர்கள்.

ரீலில் சுற்றிய ஹோஸ் ஒருபோதும் முழுக்க வடியாது, ஒவ்வொரு சுற்றின் அடிப்பகுதியிலும் தண்ணீர் தங்கும். இதற்கு இரண்டு விளைவு. ஒன்று, அடுத்த முகாமில் அது பழைய தண்ணீர், வெயிலில் கிடந்தது. வண்டியோடு இணைக்கும் முன் ஒரு நிமிடம் தரையில் ஓடவிடுங்கள். சீசன் தொடக்கத்தில் குடிநீர்த் தொட்டியைச் சுத்தம் செய்யும்போது ஹோஸையும் சேர்த்துக்கொள்ளுங்கள், 15 காலன் தண்ணீருக்குக் கால் கப் வாசனை சேர்க்காத பிளீச், நாலு மணி நேரம் ஊறவிட்டு வாடை போகும்வரை அலசுங்கள். இரண்டாவது, உறைபனி. யெல்லோஸ்டோனில் ஃபிஷிங் பிரிட்ஜ் முகாமில் செப்டம்பரில் தங்கியிருந்தோம், அந்தப் பூங்காவுக்குள் தண்ணீர், கழிவு, மின்சாரம் மூன்றும் வண்டிக்கே தரும் ஒரே முகாம் அதுதான், 7,700 அடிக்கு மேலே இருக்கிறது. பகலில் அரைக்கை சட்டை போட்டிருந்தோம். காலையில் ஹோஸ் கட்டையாக நின்றது, வெயில் ஏறியதும் ரீலின் பித்தளை மூட்டிலிருந்து மெல்லிய கோடாகத் தண்ணீர் பீய்ச்சியது, இரவில் உள்ளே உறைந்து மூட்டே வெடித்துவிட்டிருந்தது. அப்போதிருந்து மாலை வானிலையில் 35 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே என்று பார்த்தால் ஹோஸைக் கழற்றிவிட்டு, உள்தொட்டியை நிரப்பிப் பம்பில் ஓட்டுகிறோம். குளிர்காலத்துக்கு வண்டியை நிறுத்தும்போது ஹோஸை முழுக்கப் பிரித்து, 30 முதல் 40 பிஎஸ்ஐ காற்றால் ஊதி, மூட்டுக்குள் இளஞ்சிவப்பு ஆர்வி ஆன்டிஃப்ரீஸ் கொஞ்சம் விடுங்கள். வெப்பக் கம்பி வைத்த ஹோஸ் வாங்கி ரீலில் போடலாமா என்று சிலர் கேட்பார்கள். வேண்டாம், அதைச் சுற்றிய நிலையில் மின்சாரம் கொடுத்தால் தன் சூட்டிலேயே உருகலாம்.

உங்கள் வண்டிக்கு நான் செய்வதென்றால், முதலில் ஈஎம்எஸ்ஸை உள்ளே நிரந்தரமாகப் பொருத்துவேன். அடுத்து ஸ்லிப் ரிங் இல்லாத, உள்முனையைக் கழற்றி மாட்டும் மோட்டார் உருளை ஒன்று கேபிளுக்கு, ஏனென்றால் உங்கள் தொல்லை திணிப்பதுதான், ஒரு பிளக்கைத் திருகி மாட்டுவது இல்லை. பேயில் அட்டைப் பெட்டி நன்றாகவே உட்கார்ந்து, பணமும் இடம்கொடுத்தால் தொட்டி வகை. ஹோஸுக்குக் கைப்பிடி உருளை. பேயின் உள் அளவுகளையும், கேபிளின் மேலுறையில் அச்சிட்டிருக்கும் எழுத்துகளையும், டிரான்ஸ்ஃபர் ஸ்விட்ச் எந்த மூலையில் இருக்கிறது என்பதையும் எழுதி அனுப்புங்கள், எந்த அளவு உருளை உட்காரும் என்று பார்த்துச் சொல்கிறேன்.